ஆந்தைக் காசும் போலி மேசையும்

முட்டாள்கள் கதை என்றால் சொல்கிறவனாவது அறிவாளியாக இருப்பான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். நான் அந்த நாலு பேரில் ஒருத்தன். அதிலும் செயலாளர்.

வெள்ளாங்குளம் பழங்காசு ஆராய்ச்சி மன்றத்தில் மொத்தமே நாலு பேர்தான். தலைவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சில்லறையிலேயே ஆயுளைக் கழித்தவர் என்பதால் காசு விஷயத்தில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. மரியசூசை வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மன்றம் கூடுவது அங்கேதான். பீர்முகம்மது பக்கத்து டீக்கடைக்காரர். டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்று நின்று உறுப்பினரானவர். நாலாவது நான். எங்களை அறிவாளிகள் என்று நம்புகிறவர்கள் இந்த உலகத்தில் நாலு பேர். அந்த நாலு பேரும் நாங்களேதான்.

போன வருஷம் நெல்லையில் நடந்த காசுக் கண்காட்சியில், பாண்டியர் காலத்து ஓட்டைக் காசு என்று ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். பார்க்க வந்த ஒரு சின்னப் பெண், "அப்பா, நம்ம வீட்டுக் குழாய் வாஷர்!" என்று கத்தினாள். மண்டபமே சிரித்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணாச்சி, "இன்னொரு தடவை ஊரு சிரிச்சுதுன்னா மன்றத்தக் கலச்சிருவேன்" என்று சபதம் போட்டார். மன்றம் போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டில் யாரும் என்னைச் செயலாளர் என்று கூப்பிடுவதில்லை.

அதனால்தான் இந்த வருஷம் நாலு பேரும் பங்கு போட்டு, ஆன்லைனில் ஒரு கிரேக்கக் காசு வாங்கினோம். ஒரு பக்கம் பெண் தெய்வத்தின் தலை, மறுபக்கம் ஆந்தை. ஈராயிரம் வருஷத்துக்கு மேல் பழசு, சுத்த வெள்ளி என்று விற்றவன் எழுதியிருந்தான். எழுதியிருந்தால் நம்பிவிடுவதா? நாங்கள் என்ன முட்டாள்களா?

கண்காட்சிக்கு நடுவராக வரப்போகிற பேராசிரியருக்கே போன் போட்டு, அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டோம். அவர் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

"வெறுங்கையால தொடாதீங்க. கழுவாதீங்க, அந்தக் கறுப்புதான் அதோட வயசு. காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டினா போலி. ஆந்தை ரெண்டு கண்ணாலயும் நம்மள நேராப் பாக்கணும். அந்தக் காலத்து வியாபாரிங்க சந்தேகம் வந்தா உளியால வெட்டியே பாத்துருவாங்க, உள்ள செம்பு இருக்கான்னு. ஆனா நீங்க..."

பாயசம் வந்துவிட்டது போலிருக்கிறது. போன் கட்டாகிவிட்டது. அண்ணாச்சி விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, "அஞ்சு சோதனை. ஒண்ணையும் விடக் கூடாது" என்றார்.

வெறுங்கையால் தொடக் கூடாதே. மரியசூசை வெல்டிங் கையுறையை மாட்டிக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டு சிலிண்டரைத் தூக்கலாம்; காசை எடுக்க முடியாது. வியர்க்க வியர்க்க மேசை முழுவதும் காசைத் துரத்தினார். கடைசியில் பீர்முகம்மது பால் சட்டி இறக்குகிற இடுக்கியைக் கொண்டுவந்து லாவகமாகக் கவ்வித் தூக்கினார். தூக்கிய காசு வழுக்கி நேராக அண்ணாச்சியின் டீக்குள் விழுந்தது.

நாலு பேரும் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தோம்.

"கழுவக் கூடாதுன்னாரே. இது கழுவுன கணக்குல வருமா?" என்றேன்.

பீர்முகம்மதுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் டீய என்ன சோப்புத் தண்ணின்னு நெனச்சீரா? சாயம் ஏறுமே தவிர எறங்காது வே. கறுப்பு கூடத்தான் செய்யும்."

"கறுப்புதான வயசு?" என்றார் மரியசூசை.

அண்ணாச்சி டீயை உற்றுப் பார்த்தார். "அப்போ காசுக்கு ஒரு நூறு வருஷம் கூடியிருக்கும். நல்லதுதான்" என்றார். காசு இன்னும் கொஞ்சம் பழசாகட்டும் என்று டீ ஆறும்வரை காத்திருந்தோம்.

அடுத்தது காந்தம். இரும்பை மூலைக்கு மூலை பிடித்து நிறுத்துகிற பெரிய காந்தம் பட்டறையில் இருந்தது. இரும்பு மேசையில் காசை வைத்து, மேலே காந்தத்தை வைத்தோம். டக்கென்று கவ்விக்கொண்டது. நாலு பேர் இழுத்தும் வரவில்லை.

"ஒட்டிட்டு, அண்ணாச்சி" என்று மரியசூசை அழாத குறையாகச் சொன்னார். எனக்கு மண்டபத்துச் சிரிப்புச் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தது.

அண்ணாச்சி மட்டும் கலங்கவில்லை. "ஒரு சீட்டுல ரெண்டு பேரு இருக்கான். டிக்கெட் எடுக்காதவன் எவன்னு தனித்தனியாத்தான கேக்கணும்?" என்றார். கம்பியால் நெம்பிக் காந்தத்தை எடுத்து, காசைக் கட்டைமேல் வைத்துப் பார்த்தோம். ஒட்டவில்லை. மேசையைத் தனியாகப் பார்த்தோம். ஒட்டியது.

"அப்ப போலி, மேசைதான்" என்றார் அண்ணாச்சி.

மரியசூசை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது அவர் அப்பா காலத்து மேசை. "அசல்னு நெனச்சுத்தான அண்ணாச்சி இத்தன வருஷம் வேல பாத்தேன்" என்றவரைத் தேற்றுவதற்கு இன்னொரு டீ தேவைப்பட்டது.

பிறகு ஆந்தை. காசை நடுவில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

"என்னயத்தான் பாக்குது" என்றார் பீர்முகம்மது.

"கெடயாது, என்னயப் பாக்குது" என்றார் மரியசூசை.

"நம்மளன்னா நாலு பேரும்லா? ஒரு ஆந்த எப்படி நாலு பக்கம் பாக்கும்?" என்று நான் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட புத்திசாலித்தனமான கேள்வி அது என்று அப்போது நினைத்தேன்.

"நான் முன்வாசல்ல நின்னுக்கிட்டே பின்வாசல்ல ஏறுறவன பாப்பேன். இது ராத்திரியில எலி பிடிக்கிற சாதி. இதுக்கு முடியாதா?" என்றார் அண்ணாச்சி. எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பேரும் ஒரே பக்கம் நெருக்கியடித்து நின்றோம். ஆந்தை நாலு பேரையும் பார்த்தது. எங்களைப் பார்த்து அதற்கு என்ன தோன்றியதோ, கண்ணை அகல விரித்தபடியே இருந்தது.

மிச்சம் இருந்தது ஐந்தாவது சோதனை. "அது அந்தக் காலத்து வியாபாரி செஞ்சதுல்லா?" என்று இழுத்தேன்.

"காசு எந்தக் காலத்துது?" என்றார் அண்ணாச்சி.

"அந்தக் காலத்துது."

"பின்ன?"

மரியசூசை உளியை வைத்து ஒரே போடு போட்டார். காசு இரண்டாகத் தெறித்தது. பயந்து பயந்து குனிந்து பார்த்தோம். உள்ளே பளீரென்று வெள்ளி! செம்பின் வாடையே இல்லை. நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மன்றம் பிழைத்தது.

அண்ணாச்சி மட்டும் யோசனையாக நின்றார். "வெட்டுன எடம் அசலு. வெட்டாத எடம்?"

கீழே வைக்கப்போன உளியை மரியசூசை மறுபடி கையில் எடுத்தார்.

"பஸ்ஸு நெறைய ஆளு. முன்சீட்டுக்காரன் டிக்கெட் எடுத்திருக்கான்னு கடைசி சீட்ட விட்டுருவோமா?"

நியாயமான கேள்வி. அதனால் பாதிகளையும் வெட்டினோம். அந்தத் துண்டுகளையும் வெட்டினோம். எங்கே வெட்டினாலும் வெள்ளி. பொழுது சாய்கிற நேரத்தில், வெட்டுவதற்கு உளி பிடிக்காத அளவுக்கு எல்லாவற்றையும் சோதித்து முடித்திருந்தோம். உலகத்தில் எந்தக் காசையும் யாரும் இவ்வளவு நேர்மையாகச் சோதித்திருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தூளைக் குவித்து, "கிரேக்க ஆந்தைக் காசு. முழுக்க முழுக்க அசல்" என்று அட்டை எழுதி வைத்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பேராசிரியர் வந்தார். அட்டையைப் படித்தார். கிண்ணத்துக்குள் பார்த்தார்.

"காசு எங்கய்யா?"

"இதுதான் சார். நீங்க சொன்னபடியே செஞ்சோம்" என்றார் அண்ணாச்சி.

பேராசிரியரின் முகம் வெளுத்துவிட்டது. கையைக் கிண்ணத்துக்குள் விட்டு ஒரு துணுக்கை எடுத்தார். அதில் ஆந்தையின் ஒற்றைக் கண் இருந்தது. "அசல்யா... அசலான காசுய்யா இது... படுபாவிங்களா!" என்று விக்கினார்.

நான் அண்ணாச்சியைப் பெருமிதமாகப் பார்த்தேன். அவர் முகம் இறுகியிருந்தது. என் காதருகே குனிந்து, "செயலாளரே, கவனிச்சீரா? வெறுங்கையால தொடுதாரு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம்! முதல் விதியே தெரியவில்லை. இவர் என்ன பேராசிரியர்?

"மரியசூசை, காந்தத்த எடும்" என்றார் அண்ணாச்சி.

மரியசூசை பையிலிருந்து காந்தத்தை எடுத்துப் பேராசிரியரின் வயிற்றுப் பக்கம் நீட்டினார். பெல்ட் கொக்கியில் டக்கென்று ஒட்டியது.

இருந்தாலும் ஒரு சோதனையை வைத்து ஒரு மனுஷனைப் போலி என்று சொல்லிவிடக் கூடாது, ஐந்தையும் முடித்துவிடுவோம் என்று மரியசூசை உளியை எடுத்தார். பேராசிரியர் காந்தத்தோடு ஓடியே போய்விட்டார். அசலான ஆள் எதற்காக ஓடப்போகிறார், நீங்களே சொல்லுங்கள்.