மலை அணிலுக்கு வந்த வேலை

ஒரு காட்டில், குழந்தைகளே, தரையையே மிதிக்காத ஒரு மலை அணில் இருந்தாள். பெயர் செம்பி. கிளைக்குக் கிளை தாவியே ஆயுளைக் கழித்துவிடும் குலம் அவளுடையது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

செம்பிக்கு இரண்டு குட்டிகள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மலையில் மழை பிடித்தால் லேசில் விடாது; கூட்டுக்கு வெளியே வால் நீட்ட முடியாது. அதனால் வெயில்காலம் முழுவதும் கொட்டைகளும் உலர்ந்த அத்திப்பழங்களும் சேர்த்து மரப்பொந்தில் வைத்திருந்தாள். அது இருந்தால்தான் குட்டிகள் பிழைக்கும்.

அந்தக் காட்டுக்கு ஒரு தலைவி உண்டு. யானைக் கூட்டத்தில் மூத்தவள். எல்லோரும் அவளைப் பெரியாத்தா என்பார்கள். அப்பப்பா, எவ்வளவு பெரியவள்! அவள் இறங்கினால் ஆற்றுத் தண்ணீர் கரையேறி நிற்கும். அவள் குரல் கேட்டால் எல்லோரும் தலைகுனிய வேண்டும், எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அவள் சொல்லி வந்த வழக்கமில்லை. பயந்து பயந்து இவர்களாகவே போட்டுக்கொண்டது.

ஒரு நாள் காலை, காடெல்லாம் பனிமூட்டம். எதிர்ச்சரிவிலிருந்து ஒரு குரல் முழங்கியது.

"செம்பீ! பெரியாத்தா பேசுகிறேன்!"

செம்பி கிளையிலேயே தலைகுனிந்தாள். பெரியாத்தாவுக்குத் தன் பெயர்கூடத் தெரியுமா! அவளுக்கு மேனி சிலிர்த்தது.

"உனக்கு ஒரு வேலை தருகிறேன். நீ எங்கும் வர வேண்டாம். உன் மரத்து உச்சியில் உட்கார்ந்து, எங்காவது புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிரு. அது போதும். தினமும் விடிந்ததும் ஒரு பலாப்பழம் உன் மரத்தடிக்கு வரும்."

"மழைக்காலத்திலுமா, ஆத்தா?"

"மழைக்காலத்திலும்தான்!"

கொட்டுகிற மழையில் புகை எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்பீர்கள். செம்பிக்குக் கேட்கத் தோன்றவில்லை. பலாச்சுளை கண்முன்னே வந்துவிட்டால் வேறு எது தெரியும்?

"என்னிடம் வேலைக்குச் சேருகிறவர்கள் தங்கள் சேமிப்பை என் காவலில் வைக்க வேண்டும். இங்கே பட்டுப்போன மருதமரம் இருக்கிறதே, அதன் பொந்தில் எல்லாவற்றையும் போட்டுவிடு. பொழுது சாய்வதற்குள் வேண்டும். யாரிடமும் மூச்சு விடாதே. இந்த வேலைக்கு வேறொருத்தி காத்திருக்கிறாள்!"

செம்பி பரபரவென்று வாய் நிறையக் கொட்டைகளை அடைத்துக்கொண்டு கிளம்பினாள். மரத்தடியில் சருகுமான் நின்றிருந்தது. முயலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. உடம்பு முழுவதும் பயம்.

"என்ன செம்பி அக்கா, கன்னம் இப்படி வீங்கியிருக்கிறது?"

செம்பி கொட்டைகளைக் கிளையிடுக்கில் துப்பிவிட்டு, "ஒன்றுமில்லை. ஆத்தா குரல் உனக்கும் கேட்டதா?" என்றாள்.

"கேட்டது. ஆனால் அதிசயத்தைப் பாரேன், இன்றைக்கு என் கால் நடுங்கவில்லை. ஆத்தா வாயைத் திறந்தால் முதலில் தரை அதிரும், என் குளம்பெல்லாம் கூசும். அப்புறம்தான் காதில் விழும்."

செம்பி திகைத்தாள். தரை அதிருமா? மரத்திலேயே வாழ்ந்தவளுக்கு இது புதுச் செய்தி.

"அப்படியானால் ஆத்தாவிடமே போய்க் கேட்டுவிடட்டுமா?"

"ஐயோ, அவளிடமா? மிதிபட்டுச் செத்துப்போவாய்!" என்று சொல்லிவிட்டுச் சருகுமான் புதருக்குள் ஓடியது.

செம்பி தன் குட்டிகளைப் பார்த்தாள். பிறகு கொட்டைகளைப் பழையபடி பொந்தில் வைத்து மூடினாள். உச்சிவேளையில் பெரியாத்தா ஆற்றுக்கு வருவாள் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும். செம்பி மரத்துக்கு மரம் தாவி அங்கே போனாள்.

ஆற்றங்கரையில் மரங்கள் முடிந்துவிட்டன. அதற்கப்புறம் வெறும் மணல். செம்பி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாகத் தரையில் கால் வைத்தாள். பிறகு கண்ணைத் திறந்து மணலில் ஓடினாள். எதிரே ஒரு பெரிய மரம் தெரிந்தது. அப்பாடா என்று ஏறப் போனாள். அது பெரியாத்தாவின் கால்.

"யாரது?"

முதலில் மணல் துள்ளியது. பிறகு செம்பியின் பாதங்கள் நான்கும் அதிர்ந்தன, பிறகு நெஞ்சு. அதற்கப்புறம்தான் காதுக்குக் குரல் வந்தது. தன் உடம்புக்குள்ளிருந்தே யாரோ பேசியது போல இருந்தது. செம்பிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பயத்தால் இல்லை, இப்படியும் ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்ற வியப்பால்.

"கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆத்தா. காலையில் எனக்கு வேலை தந்தது நீங்கள்தானா?" என்று கேட்டு, நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"வேலையா? நானா? உன் பெயரே எனக்கு இப்போதுதான் தெரியும், குழந்தை. பலாப்பழம் கிடைத்தால் நானே தின்றுவிடுவேன். உனக்கு எதற்கு அனுப்பப் போகிறேன்?"

"உங்களைக் கேட்டது தப்பா, ஆத்தா?"

"என் பெயரில் நடப்பதை என்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பாய்? ஏறிக்கொள், என் முதுகில்."

அந்த முதுகிலிருந்து பார்த்தபோது காடே வேறு காடாகத் தெரிந்தது. இவ்வளவு பெரிய உடம்பு ஒரு சருகுகூட நொறுங்கும் சத்தமில்லாமல் நடந்து மருதமரத்தை அடைந்தது.

பொந்துக்குள்ளிருந்து குரல் முழங்கியது. "செம்பீ! பொழுது சாய்கிறது! பெரியாத்தா பேசுகிறேன்!"

பெரியாத்தா குனிந்து, பொந்தில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள். "அப்படியா? நானும் பெரியாத்தாதான் பேசுகிறேன்."

மரம் வேரோடு நடுங்கியது. மரப்பட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு மலை மைனா தலைகுப்புற வந்து விழுந்தது. கேட்ட குரலை எல்லாம் அப்படியே பேசிக்காட்டும் கெட்டிக்காரப் பறவை; வெற்றுப் பொந்து அந்தக் குரலை முழங்க வைத்திருந்தது. இப்போதோ தன் சொந்தக் குரலில்கூட அதனால் "கீச்" என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. தட்டுத் தடுமாறி எழுந்து பறந்தது. அந்தப் பக்கமே பிறகு அது வரவில்லை.

மழை வந்தது. குட்டிகள் இரண்டும் கூட்டுக்குள் அத்திப்பழம் தின்று கொழுத்தன. தூரத்தில் யானைக் குரல் கேட்கும்போதெல்லாம் செம்பி மழையென்றும் பாராமல் மரத்திலிருந்து இறங்குவாள். உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பாள். தரை அதிர்ந்த பிறகுதான் தலைகுனிவாள்.

நீதி: பெரியவர் பெயரைச் சொல்லி வேலை வந்தால், அந்தப் பெரியவரிடமே விசாரித்துவிட்டுப் பிறகு கைப்பொருளைக் கொடு.