வேங்கை மரத்தில் சுற்றிய கயிறு

"உரசல் இல்லாமல் வாழ ஒரு வழி சொல்லுங்கள், தாயே" என்று கேட்டார் மாசானம்.

தம்பிமாரோடு ஒத்துப்போகவில்லை என்று ஊரைவிட்டு மலைமேல் இருந்த மடத்துக்கு வந்தவர் அவர். இங்கே சக சீடர்களோடும் ஒத்துப்போகவில்லை. யாரோடு சேர்ந்தாலும் ஏதோ ஒன்று உரசுகிறது, ஓர் அடி முன்னே போகவிடாமல் பிடித்து இழுக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

மடத்தின் குரு வடிவாள் அவரைவிட இளையவர். ஒட்டிய கன்னமும் குச்சி போன்ற கைகளுமாக இருப்பார். மாசானமோ ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்தவர்.

வடிவாள் வாய் திறக்கும் முன் பள்ளத்திலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

இருவரும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்கள். விறகு பொறுக்க வந்தவள் கால் வழுக்கி, பாறைச் சரிவின் நடுவே ஒரு திட்டில் கிடந்தாள். கால் ஒடிந்திருந்தது. திட்டுக்குக் கீழே செங்குத்துப் பாறை. அதன் அடியில் ஆற்றங்கரை. மற்ற சீடர்கள் எல்லாரும் சந்தைக்குப் போயிருந்தார்கள்.

வடிவாள் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து வந்து மாசானத்தின் இடுப்பில் கட்டினார். மறுமுனையை விளிம்பில் நின்ற வேங்கை மரத்தில் சில சுற்றுச் சுற்றினார். முடிச்சுப் போடவில்லை.

மாசானம் அந்தச் சுற்றுகளைப் பார்த்தார்; பிறகு வடிவாளின் கைகளைப் பார்த்தார்.

"யார் பிடிப்பது?"

"நான்தான் இருக்கிறேனே. இறங்குங்கள், அண்ணாச்சி."

கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். விழவில்லை.

திட்டில் கிடந்தவள் பெயர் பூரணம். அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தன் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டார். இப்போது இரண்டு ஆள் பாரம். அந்தக் குச்சிக் கைகள் இதைத் தாங்காது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கத்திச் சொன்னார்.

"தெரியும். அப்படியே ஆற்றங்கரைக்கு இறங்குங்கள்" என்று மேலிருந்து சாவதானமாக வந்தது பதில்.

காலை எடுத்தார். உடம்பு அந்தரத்தில் தொங்கியது. கயிறு முறுகி முனகியது.

பிறகு, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல, இருவரையும் மெல்ல மெல்லக் கீழே விட்டது.

பூரணத்தின் அழுகை நின்றிருந்தது. "மேலே எத்தனை பேர் சாமி பிடிக்கிறாங்க?" என்று அவர் காதருகே கேட்டாள்.

அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து அவளை வாங்கிக்கொண்டார்கள். மாசானம் குறுக்குப் பாதையில் மூச்சிரைக்க ஏறிப் போய் வடிவாளின் காலில் விழுந்தார். இது எந்தச் சித்தி, எத்தனை காலத் தவம் என்று கேட்டார்.

வடிவாள் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. சிவக்கக்கூட இல்லை.

"நான் நுனியைத்தான் பிடித்திருந்தேன், அண்ணாச்சி. அதுவும் ஒரு கையால்."

"அப்படியானால் எங்களைத் தாங்கியது?"

வடிவாள் மரத்தடியிலிருந்து சற்று விலகி நின்றார்.

வேங்கையின் பட்டையில், கயிறு சுற்றி உரசிய இடமெல்லாம் கன்றிப்போய்த் தடம் விழுந்திருந்தது. லேசாகக் கருகிய வாசனை வந்தது.

மாசானம் அதன்மேல் கையை வைத்தார்.

சூடு இன்னும் ஆறவில்லை.

கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.