குளத்தங்கரையில் அடம்பிடித்த மேஸ்திரி

காட்டுக் குளத்தின் கரையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். மேஸ்திரி யானை, கையாள் குரங்கு. கரையில் நண்டு வளை தோண்டினால், குரங்கு அதில் கையை விட்டுப் புல்லைத் திணிக்கும். யானை மேலே மண்ணைப் போட்டு மிதிக்கும். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வேலை ஓடாது.

ஒரு காலையில் தவளை மூச்சிரைக்கக் குதித்து வந்தது.

"மேஸ்திரி, நண்டு வளை வழியா தண்ணி ஓடுது. ஓரத்துல என் பிள்ளைங்க, நானூறு தலைப்பிரட்டை இருக்கு. தண்ணி வத்தினா செத்துப்போயிடும்."

யானை தவளையைப் பார்க்கவே இல்லை. குரங்கைத்தான் பார்த்தது.

"கரையைச் சுத்திப் பார்த்தியாடா? உன் வயசுல நான் ஒரே நாள்ல நாலு குளம் பார்ப்பேன். முதல்ல போய் மூஞ்சியைக் கழுவு."

"எப்பப் பாரு என்னையே திட்டறீங்க. நான் வரலை, போங்க." குரங்கு மரத்தில் ஏறி, வாலால் முகத்தை மூடிக்கொண்டது.

"இறங்குடா."

"மாட்டேன்."

"இறங்கறியா, இல்லையா?"

"மா...ட்டேன்!"

அதற்குள் தண்ணீர் ஒரு சாண் இறங்கிவிட்டது. தவளைக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டது. தவளைக்கு இடுப்பு எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்.

"மேஸ்திரியாம் மேஸ்திரி! வெக்கமா இல்லை? இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு என்ன பிரயோஜனம்?"

யானை திருதிருவென்று விழித்தது. பிறகு தும்பிக்கை நுனியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே, "அவன்தான் முதல்ல ஆரம்பிச்சான்" என்று தேம்பியது.

தவளைக்குத் தலை சுற்றியது. 'யானை அதட்டினதும் குரங்கு குழந்தையாச்சு. நான் அதட்டினதும் யானையும் குழந்தையாச்சு. இப்ப யாராவது என்னை அதட்டினா நானும் அழுதுடுவேன். அப்புறம் என் பிள்ளைங்களுக்கு யாரு?'

அது கையை இறக்கியது. சாதாரணமாகக் கேட்டது.

"குரங்கண்ணே, வளை உங்க கை நுழையற அளவு இருக்கு. எவ்வளவு புல் வேணும்?"

குரங்கு வாலை விலக்கியது. "ரெண்டு கட்டு போதும்" என்றபடி இறங்கியும் விட்டது. கோபம் நினைவுக்கு வரும்போது கையில் புல் இருந்தது.

"மேஸ்திரி, ஈர மண் எங்கே கிடைக்கும்?"

யானை தும்பிக்கையை வாயிலிருந்து எடுத்தது. "கிழக்கு மூலையில. நான் எடுத்துட்டு வரேன்."

புல் போனது, மண் விழுந்தது, ஒழுக்கு நின்றது. யானையின் முழங்காலளவு மிச்சமிருந்த தண்ணீரில் நானூறும் நீந்தின. தவளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு அழுதது. அந்த அழுகையை யாரும் அதட்டவில்லை.

வேலையிடத்தில் பிள்ளையை அதட்டுவதுபோல் அதட்டினால் அடம்பிடிக்கிற பிள்ளைதான் கிடைக்கும். விவரம் தெரிந்த ஆளிடம் கேட்பதுபோல் கேட்டால் வேலை நடக்கும்.