முள்ளம்பன்றியின் பட்டையும் கரடியின் குகையும்

செம்பாறைக் காட்டில் வேலம்மை என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. எந்த மண்ணில் எந்த வேர் ஓடுகிறது, எது இனிக்கும், எது கசக்கும் என்று அதற்கு அத்துப்படி.

அந்தக் காட்டுக்கு ஒரு பெரிய துன்பம் உண்டு. முதல் மழை விழுந்து புதுப்புல் முளைத்ததும் வாய்ப்புண் நோய் வரும். பெரிய விலங்குகள் நாலு நாள் முனகிவிட்டுத் தேறிவிடும். பால்குடிக் குட்டிகள்தான் பாவம். வாய் வெந்து, பால் குடிக்க முடியாமல் செத்துப்போகும். ஒவ்வொரு வருஷமும் இதே அழுகைதான்.

காட்டின் தலைவரான காட்டெருமை ஒருநாள் சபையைக் கூட்டியது.

"இதுக்கு மருந்து தேட வேலம்மையை விட்டா ஆள் இல்ல. தேடி முடிக்கிற வரைக்கும் அது இரைக்கு அலையக் கூடாது. ஆளுக்கொரு கிழங்கு தினமும் கொண்டுபோய்க் கொடுங்க!"

எல்லா விலங்குகளும் கொடுத்தன. மூன்று வருஷம் கொடுத்தன. புள்ளிமானுக்குக் கிழங்கு தோண்டத் தெரியாது. அதுகூடக் குளம்பு தேயத் தேய மண்ணைச் சுரண்டி எடுத்துக் கொடுத்தது.

வேலம்மையும் சும்மா இருக்கவில்லை. பதினோரு வகை வேர்களைத் தோண்டியது. ஒவ்வொன்றையும் தானே தின்று பார்த்தது. நாக்கு வீங்கியது, வயிறு கலங்கியது, ஒருமுறை இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் கண்டுபிடித்துவிட்டது! பாறை இடுக்கில் படரும் ஒரு கசப்புக் கொடியின் வேர்தான் மருந்து. ஆனால் அளவு முக்கியம். குறைந்தால் பலன் இல்லை. கூடினால் வயிறு வீங்கி உயிரே போய்விடும். எந்த வயதுக்கு எவ்வளவு என்பதை வேலம்மை தன் முள்ளாலேயே ஒரு மரப்பட்டையில் அழகாக எழுதி முடித்தது.

உடனே குளக்கரைக்கு ஓடி, "கேளுங்க, கேளுங்க!" என்று கத்தியிருக்க வேண்டாமா? கத்தவில்லை. பட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே கரடியின் குகைக்குப் போனது.

அதற்குக் காரணம் காட்டின் ஒரு வழக்கம். யார் எதைக் கண்டுபிடித்தாலும் அதைப் பட்டையில் எழுதிக் கரடியின் குகையில் வைப்பார்கள். கரடி தன் பாதத்தைச் சேற்றில் தோய்த்து அதில் ஒரு முத்திரை பதிக்கும். முத்திரை விழுந்த பட்டை இருந்தால்தான் சபையில் முன்வரிசை. வழியில் பார்த்தால்கூட, "சாப்பிட்டாச்சா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "குகையில் எத்தனை பட்டை?" என்றுதான் கேட்பார்கள். இந்த வழக்கம் எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியாது. முன்வரிசைக்காரர்கள் அதைக் கேட்டதே இல்லை.

கரடி பட்டையைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தது.

"மிகச் சிறப்பு! ஆனால் எல்லாம் சரிதானா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமே!"

ஆமையையும் இருவாச்சிப் பறவையையும் கூப்பிட்டது. அவை இரண்டும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வோர் அளவாகச் சரிபார்த்தன. அதற்குக் கரடி கொடுத்தது ஒரே ஒரு "நன்றி". அந்த ஒரு சொல்லுக்கே இரண்டும் பூரித்துப்போயின.

"வேலம்மையே, இனி இந்தப் பட்டை குகைக்குச் சொந்தம். முத்திரை பதித்த பட்டையை வேறு எங்கும் காட்டக் கூடாது. படிக்க வருபவர்கள் ஒரு தேனடை கொண்டுவர வேண்டும். சம்மதமா?"

வேலம்மைக்குக் கண்ணுக்குள் முன்வரிசை மட்டும்தான் தெரிந்தது. "சம்மதம் ஐயா, சம்மதம்!" என்றது.

மழை வந்தது. புல் முளைத்தது. நோயும் வந்தது.

புள்ளிமானின் குட்டி பிறந்து நாலே நாள். அதன் வாய் சிவந்து வீங்கிவிட்டது. மான் குகைக்கு ஓடியது.

"ஐயா, என் குட்டி நேத்துலேருந்து பால் குடிக்கல! அந்தப் பட்டையை ஒரு தடவை பார்த்துக்கிறேன்!"

"அடடா! மிகவும் வருந்துகிறேன். ஒரு தேனடை."

"மான் எப்படிங்க ஐயா மரம் ஏறும்?"

"குகையின் விதியில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே."

"அந்த மருந்தைத் தேட நானும்தானே கிழங்கு கொடுத்தேன்!"

"கண்டுபிடிக்கக் கொடுத்தீர்கள். படிக்கக் கொடுக்கவில்லையே!" என்று கரடி மிகுந்த மரியாதையோடு சொன்னது.

மான் அழுதுகொண்டே வேலம்மையிடம் போனது.

"அக்கா, நாலு நாள் குட்டிக்கு எவ்வளவு வேர் கொடுக்கணும்? நீங்களே சொல்லிடுங்க!"

வேலம்மை யோசித்து யோசித்துப் பார்த்தது. தின்று பார்த்தது பதினோரு வேர், ஒவ்வொன்றிலும் எத்தனையோ அளவுகள். எல்லாம் தலைக்குள் குழம்பிக் கிடந்தன.

"தப்பாச் சொல்லிட்டா குட்டி போயிடும். பயமா இருக்கு. வா, குகையில போய்ப் பார்த்தே சொல்றேன். எனக்குக் காட்டாம இருப்பாரா?"

கரடி வாசலிலேயே வரவேற்றது. "வாருங்கள், வாருங்கள்! ஒரு தேனடை."

"என்னங்க ஐயா இது! என் முள்ளால நான் எழுதின பட்டைங்க அது!"

"எழுத்து உங்களுடையது. குகை என்னுடையது."

வேலம்மையின் முட்கள் எல்லாம் சிலிர்த்து எழுந்தன. ஆனால் விதியை எங்கே போய்க் குத்துவது? மானோடு திரும்பி நடந்தது. வழியெல்லாம் அதற்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மூணு வருஷம் உன் கிழங்கைத் தின்னேன். உனக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாம நிக்கிறேனே!"

இரண்டும் வேலம்மையின் வளைக்கு வந்து சேர்ந்தன. வாசலில் சேறு படிந்த நாலைந்து பட்டைகள் கிடந்தன. மான் குனிந்து பார்த்தது.

"இது என்ன அக்கா? ஏதோ எழுதியிருக்கே!"

"அது குப்பை. முதல்ல எழுதிப் பார்த்தது. ஒரே அடித்தல், திருத்தல். மழைக்குக் கால் துடைக்கப் போட்டிருக்கேன்."

"இதுல அளவெல்லாம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. ஆனா முத்திரை இல்லையே! இதை யாரு மதிப்பாங்க?"

மானுக்கு அந்த வேதனையிலும் கோபம் வந்துவிட்டது. "அக்கா! என் குட்டி முழுங்கப் போறது வேரை. முத்திரையை இல்ல!"

வேலம்மை பட்டைகளை வாரி எடுத்தது. பிறகு அவசர அவசரமாகச் சேற்றைத் துடைத்தது. பார்த்தால், கடைசிப் பட்டையில் தெளிவாகவே இருந்தது: பிறந்து பத்து நாளுக்குள் என்றால் அரை நகக்கண் அளவு வேர், தாய்ப்பாலில் உரைத்து, ஒரே வேளை.

பாறை இடுக்கில் அந்த வேரைத் தோண்டி, அப்படியே கொடுத்தன. மாலைக்குள் குட்டி எழுந்து தாயின் மடியை முட்டியது. மான் தேம்பித் தேம்பி அழுதது. வேலம்மையும் கூடச் சேர்ந்து அழுதது.

மறுநாள் அந்தக் கால்துடைக்கும் பட்டை குளக்கரை அத்திமரத்தில் தொங்கியது. காட்டில் இருந்த தாய்கள் எல்லாம் வந்து படித்துவிட்டுப் போயின.

கரடிக்குப் பொறுக்குமா? சபையைக் கூட்டச் சொன்னது. "வேலம்மை வாக்குத் தவறிவிட்டது!" என்று முழங்கியது.

"முத்திரை பதிச்ச பட்டையைத்தான் காட்டக் கூடாதுன்னீங்க. அது உங்க குகையில பத்திரமா இருக்கு. இது என் வாசல்ல கிடந்தது!" என்றது வேலம்மை.

காட்டெருமை மெல்ல அசைபோட்டது. பிறகு கேட்டது: "இதுக்குக் கிழங்கு கொடுத்தது யாரு?"

"நாங்க!" என்றது காடு முழுவதும்.

"கண்டுபிடிச்சது?"

"வேலம்மை!"

"சரிபார்த்தது?"

"நாங்கதான். சும்மாதான் பார்த்துக் கொடுத்தோம்," என்று ஆமை தலையை ஓட்டுக்குள் பாதி இழுத்துக்கொண்டு சொன்னது. "அப்போ ரொம்பப் பெருமையா இருந்துச்சு."

"கரடியாரே, நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் பாதம் பதித்தேன்!"

சபையே சிரித்தது. முன்வரிசைக்காரர்கள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரடி விடவில்லை. "சிரிக்காதீர்கள்! என் குகை இல்லாவிட்டால் இந்தப் பட்டைகள் மழையில் மக்கிப்போகும்!"

"அது நியாயம்தான்," என்று காட்டெருமை ஒப்புக்கொண்டது. "பட்டையை நனையாம பார்த்துக்கிட்டா உங்களுக்கும் தினம் ஒரு கிழங்கு உண்டு. ஆனா இனிமே யார் காட்டோட கிழங்கைத் தின்னு எதைக் கண்டுபிடிச்சாலும், அன்னைக்கே அதை எழுதின ஒரு பட்டை அத்திமரத்துல தொங்கணும். இது சபையோட முடிவு!"

கரடி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தது. பிறகு அதன் முகம் மலர்ந்தது.

"அப்படியானால் குகையையே எல்லோருக்கும் திறந்து வைத்துவிடுகிறேன். படிப்பவர் எதுவும் தர வேண்டாம். எழுதுகிறவர் மட்டும் முதலிலேயே நாலு தேனடை தந்துவிட்டால் போதும்!"

"எழுதுறவங்களுக்கு அந்த நாலு தேனடையை யாரு கொடுப்பா?" என்று கேட்டது புள்ளிமான்.

"நீங்கள் எல்லோரும்தான்!" என்றது கரடி, கொஞ்சமும் கூச்சப்படாமல்.

"ஒரு தேனடைக்கே நான் மரம் ஏற முடியாம நின்னேன். இப்போ நாலா?" என்று மான் திரும்பி நடந்தது. குட்டி அதன் பின்னாலேயே துள்ளிக்கொண்டு ஓடியது. மற்ற விலங்குகளும் சிரித்தபடி கலைந்தன. கரடிக்குப் பசித்தது. வெகுகாலத்துக்குப் பிறகு அது தேன் தேடித் தானே மரம் ஏறியது. பாதி மரத்தில் மூச்சு வாங்கி, கிளையைக் கட்டிக்கொண்டு நின்றது.

எல்லோரும் கொடுத்து உண்டான அறிவை எல்லோருக்கும் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். பெருமைக்கு ஆசைப்பட்டு அதைப் பூட்டக் கொடுத்தால், ஆபத்து வேளையில் அது நமக்கே கிடைக்காது.