பார்க்காத முகத்தின் மச்சம்

டக், டக்கென்று பூட்ஸ் சத்தம் கோட்டாட்சியர் அலுவலகத்தின் படியேறி வந்தது. அதற்கப்புறம்தான் இன்ஸ்பெக்டர் தணிகைவேல் தெரிந்தார். ஆர்டிஓ அம்மா விசாரணையை ஆரம்பித்தார்.

மீன் சந்தையில் மீன் வெட்டும் சலேத்மேரியை இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனில் வைத்து அடித்து, வலது கையை ஒடித்துவிட்டார் என்பது புகார்.

"அவ ஸ்டேஷனுக்கே வரல மேடம். இன்னிக்கு வரைக்கும் அவ மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர்.

"புகார் கொடுத்தவங்களைக் கூப்பிடுங்க."

வெளியே சலேத்மேரியைக் கையமர்த்திவிட்டு, சந்தையில் அவளுக்குப் பக்கத்துக் கடை லூர்து உள்ளே வந்தாள். முந்தானையால் கையை மூடிக்கொண்டு நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "மேடம், ஆள் மாறாட்டம்! இவ அவ இல்ல. அவளுக்குத் தாடையில மச்சம் இருக்கும்!"

"நான் யாருன்னு இன்னும் சொல்லவே இல்லையே சார்," என்றாள் லூர்து. "மூஞ்சியே பார்க்காத நீங்க மச்சத்தை எப்படிப் பார்த்தீங்க?"

வாசலில் நின்ற மீன்காரப் பெண்கள் போட்ட குலவையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கட்டுப் போட்ட கையோடு சலேத்மேரி உள்ளே வந்தாள். தாடையில் மச்சம்.

ஆர்டிஓ அம்மா கிளார்க்கைப் பார்த்தார். "சார் சொன்னதை ஒரு வார்த்தை விடாம எழுதுங்க."

சாயங்காலம் லூர்து தன் கூடையை ஓரங்கட்டிவிட்டு, சலேத்மேரியின் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து, அவளுடைய வாடிக்கைக்காரர்களுக்குச் சாளை மீனைச் செதில் சீவ ஆரம்பித்தாள்.