மரகதம் படுத்த இடங்கள்

ஓர் ஊரில் ஒரு பெரிய துணிக்கடை இருந்தது. அதன் வாசல் கண்ணாடிக்குப் பின்னால் மரகதம் என்று ஒரு பொம்மை நின்றிருந்தாள். முதல் நாள் பச்சைப் புடவை கட்டி நிறுத்தியதால், கடையில் வேலை பார்த்த பெண்கள் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

மரகதத்துக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் அவளைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸைத் தவற விட்டார்கள். கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்கள், "அந்தப் பொம்மை கட்டியிருக்கிற மாதிரி எடுங்க" என்றார்கள். அவளைப் பார்த்த ஒவ்வொருத்தியும் அவள் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு கடையைப் புதுப்பித்தார்கள். தலையில்லாத, வெள்ளையாக மினுங்கும் புதிய பொம்மைகள் வந்து இறங்கின. மரகதத்தையும் மற்றப் பழைய பொம்மைகளையும் சென்னையிலிருந்து வந்த ஒரு டிவி நிறுவனத்துக்காரர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அங்கே 'மிச்சத் தடயம்' என்று ஒரு நிகழ்ச்சி எடுத்தார்கள். ஊரில் நடந்த கொலைகளை வாரம் ஒன்றாக, நடந்தது போலவே நடித்துக் காட்டுவார்கள். கொலைகாரனாக, இன்ஸ்பெக்டராக, சாட்சியாக நடிக்க ஆட்கள் இருந்தார்கள். பிணமாகக் கிடக்க யாரும் முன்வரவில்லை. தரை சுடுகிறது என்றார்கள், எறும்பு கடிக்கிறது என்றார்கள், வீட்டில் திட்டுகிறார்கள் என்றார்கள். அதனால் மரகதத்தைப் படுக்க வைத்தார்கள்.

சாமான்கள் வைக்கிற அறையில் அவளுக்கு ஒரு மூலை கிடைத்தது. பக்கத்துத் தட்டில் ஓர் அட்டைக் கத்தி இருந்தது. வெள்ளிக் காகிதம் ஒட்டிய கத்தி.

"இந்த நிகழ்ச்சியே என்னால்தான் ஓடுகிறது. இதுவரை ஒரு கத்தரிக்காயைக் கூட நறுக்கியதில்லை. ஆனால் என்னைக் காட்டினால் வீடு வீடாக மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்" என்றது அது.

தாம்புக்கயிறும் தன் பங்குக்குப் பெருமை பேசியது. கேமரா மட்டும் அதிகம் பேசாது. கேட்டால், "நான் உள்ளதைக் காட்டுகிறேன். வேறொன்றும் செய்வதில்லை" என்று சொல்லும்.

முதலில் மரகதத்துக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நின்றபோது ஒரு தெரு பார்த்தது. இப்போது தமிழ்நாடே பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கிணற்றடியில் கிடந்தாள், கரும்புக் காட்டில் கிடந்தாள், ஒரு முறை ஃபிரிட்ஜுக்குள்ளும் மடங்கிக் கிடந்தாள். வேலை முடிந்ததும் சிவப்புச் சாயத்தைத் துடைத்து மூலையில் நிறுத்துவார்கள். அடுத்த வாரம் வேறு உடுப்பு, வேறு இடம்.

அப்படி ஒரு நாள் அவளுக்கு மஞ்சள் சுடிதார் போட்டார்கள்.

அந்த வாரக் கதை ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தியுடையது. பெயர் இன்பவல்லி. மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். வேலை முடிந்து வீடு திரும்பும்போது தண்டவாளத்து ஓரம் ஒருவன் கழுத்துச் சங்கிலியைப் பறிக்க வந்தான். அவள் விடவில்லை. அவள் துப்பட்டாவாலேயே அவள் கழுத்தை இறுக்கிக் கொன்றுவிட்டு ஓடினான். பிடிபட்டு, வழக்கு நடந்து, தண்டனையும் வாங்கிவிட்டான்.

முடிந்துபோன கதையை ஒரு மணி நேரம் எப்படி இழுப்பது என்று இயக்குநர் பிரதீபன் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. தன் நிகழ்ச்சியைப் பார்த்து நாலு பெண்கள் உஷாராக இருந்தால் போதும் என்று நிஜமாகவே நம்பினார். ஆனால் முந்தின வாரத்தை விட இந்த வாரம் அதிகம் பேர் பார்த்தாக வேண்டும். வழக்கு விவரங்களில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. சாவதற்கு முந்திய நாட்களில் இன்பவல்லி தினமும் வேலை முடிந்து வேறெங்கோ போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

அது போதுமானதாக இருந்தது. 'அந்த மாலைகளில் அவள் எங்கே போனாள்? யாரைச் சந்தித்தாள்?' என்று முன்னோட்டம் போட்டார்கள். பின்னணியில் ஒரு கதவு கிறீச்சிடுகிற சத்தத்தையும் சேர்த்தார்கள்.

பெண்ணின் அப்பா வேலாயுதத்தைப் பேட்டிக்கு அழைத்திருந்தார்கள். அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர், இப்போது முழங்கால் வலியால் அங்கேயே வாட்ச்மேனாக இருப்பவர். அவர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வாசலில் யாரும் அவரை நிறுத்தவில்லை. விளக்கு எரிகிற இடத்தை நோக்கி நடந்து நேராகப் படப்பிடிப்புத் தளத்துக்குள் வந்து நின்றார்.

கருவேலங்கிளைகளை வெட்டிப் பரப்பித் தண்டவாள ஓரம் போல அமைத்திருந்தார்கள். நடுவில் மஞ்சள் சுடிதாரில் மரகதம் கிடந்தாள். கழுத்தில் துப்பட்டா சுற்றியிருந்தது. இயல்பாக இருக்கட்டும் என்று பிரதீபன் சொன்னதால், மேல்சட்டை இடுப்புக்கு மேல் ஏறியிருந்தது, ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது.

வேலாயுதம் பார்த்தார். பிறகு முள்ளை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார். வலிக்கிற முழங்காலை மெதுவாக மடக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏறியிருந்த சட்டையை முழங்கால் வரை இழுத்து விட்டார். கோணியிருந்த காலை நேராக்கினார். கழுத்திலிருந்து துப்பட்டாவைப் பிரித்தெடுத்தார். கடைசியில் தன் தோளில் கிடந்த துண்டை உதறி அவள் மேல் விரித்து மூடினார்.

மரகதத்துக்கு எத்தனையோ பேர் உடுத்திவிட்டிருக்கிறார்கள். எல்லோரும் மற்றவர்கள் பார்ப்பதற்காக உடுத்தினார்கள். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒருவர் அவளைத் தொட்டது அன்றைக்குத்தான்.

பிரதீபன் பதறிக்கொண்டு வந்தார். பக்கத்து அறையில் உட்காரலாம், டீ சாப்பிடலாம், இதையெல்லாம் அவர் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிக் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். அது வெறும் பொம்மை என்றும் சொன்னார்.

"பொம்மைன்னு தெரியும் சார்" என்றார் வேலாயுதம். "ஆனா எம் பொண்ணு பேரச் சொல்லித்தானே கிடத்தியிருக்கீங்க. அப்ப எனக்கு இது எம் பொண்ணுதான்."

தளத்தில் இருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். வேலாயுதம் தான் வந்த காரியத்தைச் சொன்னார். முன்னோட்டம் வந்ததிலிருந்து தெருவில் யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இன்பவல்லி எங்கே போனாள் என்று போலீசில் எப்போதோ எழுதியாகிவிட்டது. அவளோடு வேலை பார்த்த பர்வீன் என்ற பெண் தன் ஸ்கூட்டியை எடுத்துவந்து பள்ளிக்கூட மைதானத்தில் அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடக்கச் சிரமப்படுகிற அப்பாவை மில்லில் கொண்டுபோய் விடவேண்டும் என்பதற்காக. கற்றுக்கொண்ட பிறகு திடீரென்று வாசலில் வந்து நிற்கவேண்டும் என்பதால் வீட்டில் சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதை நிச்சயம் சொல்லிவிடுவோம், கடைசிப் பகுதியில் வருகிறது என்றார் பிரதீபன்.

"கேள்விய ஒரு மணி நேரம் கேப்பீங்க. பதில ஒரு நிமிசம் சொல்லுவீங்க. எங்க தெருவுல கேள்வியத்தான் சார் ஞாபகம் வச்சுக்குவாங்க."

பிரதீபன் தரையைப் பார்த்தார்.

வேலாயுதம் துண்டுக்கு வெளியே தெரிந்த மரகதத்தின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு சார். இப்பிடி மல்லாந்து அவ சும்மா விழல. போராடியிருக்கா. அவ நகத்துக்குள்ள அவனோட தோலு இருந்துச்சு. அத வச்சுத்தான் பரிசோதன பண்ணி, இவன்தான்னு சொன்னாங்க. இல்லேன்னா அவன் இன்னிக்கும் வெளியில திரிவான். அவனப் பிடிச்சுக் குடுத்தது எம் பொண்ணு. காட்டுனா அதக் காட்டுங்க."

மரகதம் தன் விரல்களைப் பார்த்தாள். விரலும் நகமும் ஒரே வார்ப்பு. நகம் இருக்க வேண்டிய இடத்தில் ரோஸ் பெயிண்ட் பூசியிருந்தது. அதற்கு அடியில் ஒரு தூசி கூட நுழைய இடமில்லை. அந்தப் பெண் கடைசி மூச்சில் தன் கொலைகாரனைக் கையோடு பிடித்து வைத்திருக்கிறாள். அவள் இடத்தில், எதையும் பற்றத் தெரியாத இந்தக் கையோடு தான் கிடக்கிறோம் என்று நினைத்தபோது, அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

பேட்டியை எடுத்தார்கள். வேலாயுதம் அழவில்லை. அழுவார் என்று எதிர்பார்த்து இசையமைப்பாளரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் ஸ்கூட்டியைப் பற்றியும், மகள் வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டியதாகப் பர்வீன் சொன்னதைப் பற்றியும் நிதானமாகப் பேசினார். பேசி முடித்ததும் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். துண்டை எடுத்துக்கொள்ளவில்லை.

இனி பிணத்தைக் காட்டுகிற காட்சி பாக்கி. பிரதீபன் துண்டை எடுக்கச் சொன்னார். கிளைகளை அடுக்கிய ஆட்கள் வேறு ஏதோ வேலை இருப்பது போல நகர்ந்தார்கள். கடைசியில் அவரே வந்து துண்டின் முனையைப் பிடித்தார். பிடித்தவர் உடனே எடுக்கவில்லை.

மரகதம் கேமராவிடம் பேசினாள். "என்னால் எழுந்து உட்கார முடியாது. நீயாவது வேறு பக்கம் திரும்பக் கூடாதா?"

"என் கழுத்து என் வசத்தில் இல்லை. உனக்குத் தெரியாதா?" என்றது கேமரா.

"உள்ளதைத்தான் காட்டுகிறேன் என்பாயே. இப்போது உனக்கு முன்னால் என்ன இருக்கிறது?"

"ஒரு பொம்மை இருக்கிறது. அதன் மேல் ஒரு அப்பாவின் துண்டு இருக்கிறது. துண்டை எடுத்துவிட்டால் அதற்குப் பிறகு நான் காட்டுவது உள்ளது இல்லை. இத்தனை நாளும் அப்படித்தான் இருந்திருக்கிறது" என்றது கேமரா. பிறகு தாழ்ந்த குரலில், "என் பின்னால் வைத்திருக்கிற கண் கலங்கியிருக்கிறது. எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை" என்றது.

அந்தக் கண் ஒளிப்பதிவாளர் இருதயராஜுடையது. அவர் கேமராவை விட்டு விலகி நின்றார்.

"சார், இத நான் எடுக்கல" என்றார்.

பிரதீபன் நிமிர்ந்து பார்த்தார். வேலை போய்விடும் என்று மிரட்டலாம். வேறு ஆளைக் கூப்பிடலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. துண்டின் முனையைக் கையிலிருந்து விட்டுவிட்டு, ஒளிபரப்புக்கு நேரம் இல்லை என்பதையும், தனக்கும் மேலே ஆட்கள் இருப்பதையும் சொல்லிக்கொண்டே நடந்தார். வாசலில் நின்று, "சரி, பழைய ஷாட் ஏதாவது இருக்கும். போட்டுக்கலாம்" என்றார்.

அப்படியே செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. பிரதீபன் ஒரு நல்ல காரியமும் செய்திருந்தார். ஸ்கூட்டி விஷயத்தைக் கடைசி வரை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டார். நகத்தில் இருந்த தோலைப் பற்றியும் ஒரு வரி வந்தது. அந்த வரியில் பாராட்டு முழுவதும் ஆய்வகத்துக்கே போயிற்று. பிணத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் ஓர் ஏரிக்கரையும், அங்கே நீலப் புடவையில் குப்புறக் கிடக்கிற ஒரு பெண்ணும் வந்தார்கள். மஞ்சள் சுடிதார் எப்படி நீலப் புடவையாயிற்று என்று பார்த்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை இருதயராஜ் சாமான் அறைக்கு விளக்கு எடுக்க வந்தபோது அவருக்கு ஒரு போன் வந்தது. பேட்டியன்று வேலாயுதமும் அவரும் நம்பர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்; அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிற்று. திட்டு வாங்கத் தயாரானவர் போல ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து எடுத்தார். வேலாயுதத்தின் குரல் மரகதம் நிற்கிற மூலை வரை கேட்டது.

"பாத்தேன் தம்பி. வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத்தான் பாத்தேன். ஏரிக்கரையில கெடந்தது வேற யாரோ. எங்க ஊருப் பக்கம் ஏரியே கிடையாது. எம் பொண்ணு எங்கயும் கெடக்கல. ஸ்கூட்டி ஓட்டுனா, அவனப் பிடிச்சுக் குடுத்தா, அவ்வளவுதான் வந்துச்சு. ரொம்ப நல்லது தம்பி."

இருதயராஜ் "சரிங்கய்யா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். விளக்கை எடுக்க மறந்து வெளியே போனார்.

மரகதம் அந்த நீலப் புடவையை நினைத்துப் பார்த்தாள். அதைக் கட்டியது நினைவிருந்தது. ஈரம் தெரியவேண்டும் என்று குடத்துத் தண்ணீரை மேலே கொட்டியது நினைவிருந்தது. யார் பெயரைச் சொல்லிப் படுத்தாள் என்பது நினைவில்லை. அப்போது அவள் கேட்டிருக்கவில்லை.

அட்டைக் கத்தியிடம் கேட்டாள். "அது கயிற்றின் வேலை" என்றது கத்தி. கயிற்றிடம் கேட்டாள். எப்படிக் கட்டினார்கள், முடிச்சு எந்தப் பக்கம் இருந்தது எல்லாவற்றையும் கயிறு சரியாகச் சொல்லிற்று. பெயர் அதற்குத் தெரியவில்லை. கேமராவிடம் கேட்டாள். தெரியாது என்று சொல்வதற்குக் கேமராவுக்கு வெட்கமாக இருந்தது.

எங்கோ ஓர் ஏரியுள்ள ஊரில், அந்த நீலத்தை அடையாளம் தெரிந்த வீடு ஒன்று இருக்கும். அந்த வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை டிவி ஓடியிருக்கும்.