துரைக்குத் தொட்டி மாற்றிய கதை

கொடைக்கானலில் செண்பகனூர் போகிற வழியில் ஒரு நர்சரி. அங்கே ஒரு பலகையின் மேல் பைன் மரம் ஒன்று வாழ்ந்து வந்தது. மரம் என்றதும் அண்ணாந்து பார்க்காதீர்கள், குனிந்து பாருங்கள். ஒன்றரை அடி உயரம், வயது இருபத்தெட்டு. அதன் பங்காளிகள் எல்லாம் காட்டில் எண்பது அடி வளர்ந்து மேகத்தை இடித்துக்கொண்டிருக்க, இது நீலப் பீங்கான் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, உலகத்திலேயே தான் ஒன்றுதான் மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. நர்சரிக்காரி ஜெசிந்தா அதற்குத் துரை என்று பேர் வைத்திருந்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

மலர்க் கண்காட்சியில் துரைக்கு மூன்று தரம் முதல் பரிசு. எல்லாம் வலது பக்கக் கிளையின் புண்ணியம். நீளமாக ஓடி, வளைந்து, தொட்டிக்குக் கீழே வரை சரிந்து தொங்கும். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இடது பக்கம் சுவரைப் பார்த்தபடி ஒரு குட்டைக் கிளையும் உண்டு. அதை யாரும் சட்டை செய்ததில்லை, துரையும் சேர்த்துத்தான்.

அந்தப் பிப்ரவரியில் துரையின் ஊசி இலைகள் நுனியில் காவி அடித்தன. ஜெசிந்தா தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே நின்று விளிம்பு வழியாக வழிந்தது. விரலால் குத்திப் பார்த்தாள், விரல் இறங்கவில்லை.

"உள்ள வேர் அடைச்சுக் கிடக்கு. துளிர் விடறதுக்குள்ள தொட்டி மாத்தணும். இல்லேன்னா இந்த வருஷத்தோட துரை காலி" என்றாள்.

"கீழே என்னதான் நடக்கிறது?" என்று துரை அதட்டியது. இந்தத் தொட்டிக்கு வந்த ஏழு வருஷத்தில் அது கீழே பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை?" என்று ஒரு கனத்த குரல் வந்தது. அவர்தான் பெரியவர். விரல் தடிமனில் ஒரு வேர். தொட்டிக்குள் ஐந்து சுற்றுச் சுற்றி, போக இடமில்லாமல் தன் மேலேயே தான் ஏறிப் படுத்திருந்தார். "இந்த மரத்தைத் தாங்குவதே நான்தான். பொடி வேர்கள்தான் இடத்தை அடைத்துக்கொண்டு உயிரை வாங்குகின்றன. போதாததற்கு அவள் வேறு."

"எவள்?"

"வெள்ளைச்சி."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்துப் பல வருஷம் ஆகிறது. குடித்ததெல்லாம் முடி மாதிரி மெலிந்த பொடி வேர்கள். அந்தப் பொடி வேர்களைச் சுற்றிக்கொண்டு, பஞ்சு நூலாய்ப் படர்ந்து, வேர் நுழையாத இடுக்கிலெல்லாம் நுழைந்து ஈரத்தை நக்கிக் கொண்டுவந்து கொடுத்தவள் வெள்ளைச்சி. பார்த்தால் பூசணம். முகர்ந்தால் காளான் வாடை.

"பூசணமா? என் காலிலா? மூன்று பரிசு வாங்கிய மரம் நான். வெளியே தெரிந்தால் என் மானம் என்ன ஆவது?" என்று துரை குதித்தது.

"அந்த மானத்துக்கு யாரு தண்ணி சுமக்குறாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க சாமி" என்றாள் வெள்ளைச்சி, வேலையை விடாமலே.

"வாயைப் பார்!" என்றார் பெரியவர்.

சனிக்கிழமை காலையில் ஜெசிந்தா தொட்டியைக் கவிழ்த்துத் துரையை வெளியே எடுத்தாள். மண் எங்கே, வேர் எங்கே என்று தெரியவில்லை. தொட்டியின் வடிவத்தில் இறுகிப் போன ஒரே கட்டியாக வந்தது. அவள் கத்தரியை எடுப்பதற்கும் வாசலில் டூரிஸ்ட் வண்டி வந்து ஹாரன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த கொழுந்தன் அருளப்பன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மொட்டை மாடியில் தொட்டி ஆலமரம் வளர்க்கிறவன். ஆலமரத்தை என்ன செய்தாலும் சாகாது. அதைத் தன் கைராசி என்று நம்பிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நான் வர்ற வரைக்கும் இதுல கை வைக்காதீங்க" என்றாள் ஜெசிந்தா.

"போங்கண்ணி, நாப்பது ஆலமரத்துக்கு வேர் வெட்டினவன் நானு. நீங்க யாவாரத்தைப் பாருங்க."

அவள் தலை மறைந்ததும் கத்தரி அவன் கையில் ஏறியது.

"யாரை வெட்டணும்? சீக்கிரம் சொல்லுங்கப்பா. எனக்கு உறவும் கிடையாது, பகையும் கிடையாது" என்றது கத்தரி.

"பொடிசுகளை வெட்டு" என்றார் பெரியவர். "என் பக்கம் வந்துவிடாதே. நான் ஆதாரம்."

அருளப்பனும் அதையேதான் சொன்னான். "அம்மாடி, என்னா தடி! இதுதான் ஆதார வேரு. இதுல கை வைக்கக் கூடாது." பெரியவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கத்தரி வலது பக்கம் பொடி வேர்களிடம் வந்து நின்றது. நல்ல கத்தரி, ஒரு வார்த்தை கேட்டது. "ஏம்ப்பா துரை, இந்த வெள்ளைக்காரம்மா உனக்கு வேண்டியவங்களா? பார்த்தா பல நாள் பழக்கம் மாதிரி இருக்கே?"

துரை சுற்றுமுற்றும் பார்த்தது. பலகையில் ரோஜாக்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"சே சே. யாரென்றே தெரியாது" என்றது.

வெள்ளைச்சி தன் பாட்டுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

"அய்யய்ய, பூசணம் புடிச்சிருக்கு! அண்ணி கவனிக்கவே இல்ல போல" என்ற அருளப்பன் ரப்பர் குழாயை எடுத்து வலது பக்கம் பீய்ச்சி அடித்தான். ஆலமரத்துக்கு அப்படித்தான் செய்வான். வேர் பளிச்சென்று தெரியும்வரை கழுவி, நுனியை ஒட்ட வெட்டிவிடுவான். துரைக்குச் சுகமாக இருந்தது. கல்யாண மாப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் கண்ணை மூடிக்கொண்டது. வெள்ளை நூலெல்லாம் சேற்றோடு சாக்கடைக்குப் போயிற்று.

இடது பக்கத்துக்குத் திருப்புவதற்குள் ஜெசிந்தா வந்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற டூரிஸ்ட்காரர்கள் பாம்பு என்று நினைத்து வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

"ஐயோ தம்பி! கொழாயை மூடுங்க! குடியைக் கெடுத்தீங்களே!"

"பூசணம்ண்ணி..."

"அது இல்லாம பைன் உசுரோட இருக்குமா? பைனுக்குப் பாதி வேர்லதான் கை வைக்கணும், அந்தப் பாதியிலயும் வெள்ளையை விட்டு வைக்கணும். மறுபாதி ரெண்டு வருஷம் கழிச்சு. இது ஆலமரமா, நீங்க நெனச்ச மாதிரி குளிப்பாட்ட?"

கத்தரியைப் பிடுங்கினாள். இடது பக்கத்தை ஈரச் சாக்கால் மூடினாள். பிறகு பெரியவரைப் பார்த்தாள்.

"எடத்தை அடைச்சவன் இவன்தான்."

"அடேய், நான் யார் தெரியுமா?" என்றார் பெரியவர்.

"தெரியாதுங்க. குப்பைக்குழியில போய்ச் சொல்லுங்க, அங்க நெறைய பேரு சும்மாதான் இருக்காங்க" என்றது கத்தரி. நறுக்.

துரை பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தது. வலிக்கவில்லை. ஆடவில்லை, சாயவில்லை. இத்தனை வருஷம் தன்னைத் தாங்கியவர் போன பிறகும் தான் அப்படியே நிற்பதைப் பார்த்து அதற்கே வெட்கமாக இருந்தது.

புதுத் தொட்டி, புதுச் சரளை, செம்புக் கம்பிக் கட்டு, நிழல் வலை. எல்லாம் செய்துவிட்டு ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஏப்ரலில் வலது கிளை மஞ்சளித்தது. பிறகு செம்மண் நிறமானது. தொட்டி நிறைய ஈரம் இருந்தும் துரைக்குத் தொண்டை வறண்டது. கழுவின வேர்கள் வழித்து விட்ட தட்டு மாதிரி சுத்தமாக இருந்தன. குடிக்கத்தான் தெரியவில்லை.

"கீழே யாராவது இருக்கிறீர்களா?" என்று துரை கூப்பிட்டது. குரலில் துரைத்தனம் ஒன்றும் மிச்சமில்லை.

"இடது பக்கம் நான் இருக்கேன்" என்றாள் வெள்ளைச்சி.

"தெரியாது என்று சொல்லிவிட்டேனே. என்னை மன்னித்துவிடு. செத்துப்போய்விடுவேன் போலிருக்கிறது."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். வலது பக்கம் நான் வரணும்னா, வழி நெடுக நூல் விட்டுக்கிட்டே வரணும். வயித்துல ஒண்ணும் இல்ல. வெயில்ல உங்க இலை சமைக்குதே சர்க்கரை, அது வேணும்."

"என்னிடம் ஏது? இந்தக் குட்டைக் கிளை ஒன்றுதான் சமைக்கிறது. அதையும் பெரிய கிளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அந்தச் சர்க்கரை ஒருத்தருக்குத்தான் காணும். கிளைக்கா, எனக்கா?"

துரை அழுதது. பைன் அழுதால் பிசின்தான் வரும். அடிமரத்தில் பிசின் வடிவதைப் பார்த்த ஜெசிந்தா, நோய் வந்துவிட்டதோ என்று பயந்து போனாள். மூன்று பரிசு வாங்கித் தந்த கிளை. அது இல்லாமல் துரையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஒன்றரை அடிச் சுள்ளி என்று தாண்டிப் போவார்கள். மூன்று நாள் மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் காலையில் கிளைக்குப் போன வழியை அடைத்து, இருந்த சர்க்கரையை எல்லாம் கீழே இறக்கியது.

கிளை போயிற்று. ஊசிகள் ஒவ்வொன்றாகக் கொட்டின. குட்டைக் கிளை சுவரைப் பார்த்தபடியே காலை முதல் சாயங்காலம் வரை சமைத்தது. மழை வந்தது, போனது. செப்டம்பரில் ஒரு நாள் வலது பக்க வேர் நுனியில் ஏதோ குளிர்ச்சியாகத் தொட்டது. ஒரு வெள்ளை நூல். துரை வாய் நிறையத் தண்ணீர் குடித்தது. அதன் உச்சியில் புதுத் துளிர் கிளம்பியதைப் பார்த்து ஜெசிந்தா நர்சரி முழுக்கக் கேட்கும்படி "மாதாவே!" என்று கூவினாள்.

பட்டுப்போன கிளையை வெட்ட அவளுக்கு மனசு வரவில்லை. பட்டையை மட்டும் உரித்துவிட்டாள். அது எலும்பு நிறத்தில் மொட்டையாகத் தொங்கியது.

அடுத்த வருஷம் மே மாதம் கண்காட்சி. தொப்பி போட்ட நடுவர் துரையின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. "அடடா! ஒரு பக்கம் மரணம், மறுபக்கம் ஜீவன். இந்தக் கிளையை இப்படிக் கொல்வதற்கு எத்தனை வருஷ ஞானம் வேண்டும்!" என்று கண் கலங்கினார்.

"வலது பக்கம் பூராவும் நம்ம கைவேலைதான் சார்" என்றான் அருளப்பன். ஜெசிந்தா அவன் காலை நன்றாக மிதித்தாள்.

முதல் பரிசு. கூட்டம் கைதட்டியது. சிலர் விசில் அடித்தார்கள். துரைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தத் தரம் அது நிமிரவில்லை, குனிந்தது.

"வெள்ளைச்சி, கேட்கிறதா? இந்தக் கைதட்டு முழுக்க உனக்குத்தான்."

"கைதட்டெல்லாம் இந்த ஆழத்துக்கு வந்து சேராது, துரை" என்றாள் வெள்ளைச்சி. "மத்தியானம் ஆச்சு, சர்க்கரையை இறக்கு."